படிவத்தில் எழுதாத சாஸ்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மார்லீன் கேலர் தேன் சாஸ் டப்பாவை எடுத்து, கவுண்டருக்கு அடியில், காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பதினோரு வருடமாக அந்தக் கேன்டீனை நடத்துகிறாள். அந்த டப்பா கவுண்டரை விட்டு இறங்கியது அதுவே முதல் தடவை.

வின்னிபெக்கின் வடக்குப் பக்கத்தில் ஒரு பேட்டை மன்றத்துக் கேன்டீன் அது. வெளியே பலகை வேலி கட்டிய பனித்தளத்தில் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள். உள்ளே எட்டு மேசை, ஒரு டிவி. ஊர் ஹாக்கி அணி வெளியூரில் ஆடும் நாளில் அந்த எட்டு மேசையும் நிறைந்துவிடும். அன்றைக்கு டொராண்டோவில் ஆட்டம், இரண்டு மணிக்கு.

தேன் சாஸ் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மயோனைஸ், தேன், பொடியாக நறுக்கிய சதகுப்பை இலை, அவ்வளவுதான். வேறு எந்த ஊரில் கேட்டாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்த ஊரில் அது இல்லாமல் சிக்கன் ஃபிங்கர் தட்டை யாரும் மேசையில் வைப்பதில்லை.

நகரின் நடுவில் அணி ஆடுகிற அரங்கத்தில், வருடத்துக்கு ஒரு உள்ளூர் கேன்டீனுக்குக் கடை கொடுப்பார்கள். மார்லீன் இரண்டு வருடம் விண்ணப்பித்துப் பார்த்தாள். பதில்கூட வரவில்லை. மூன்றாம் வருடம் படிவத்தில் தேன் சாஸ் என்ற வரியை விட்டுவிட்டு, பூண்டு மயோனைஸ் என்று எழுதினாள். ஒன்பதாம் நாள் ஃபோன் வந்தது. சாஸ்தான் காரணமா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் படிவத்தில் வேறு எதையும் அவள் மாற்றியிருக்கவில்லை.

அந்தக் கடைகளை நடத்தும் டொராண்டோ கம்பெனியிலிருந்து இன்றைக்கு ருசி பார்க்க ஆள் வருகிறார். மார்லீன் அந்த இடத்தை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டாள். இரண்டாம் மாடி, கிழக்குப் படிக்கட்டுக்குப் பக்கம். அங்கே நின்றால் ஆட்டம் தெரியாது. ஆனால் கோல் விழும்போது பதினைந்தாயிரம் பேர் எழுந்து கத்துவது காலடித் தரையில் அதிரும். ஊர் அணியை விற்று, தெற்கே அமெரிக்காவின் பாலைவன நகரம் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குப் பதினோரு வயது. ஊருக்கு மறுபடியும் ஓர் அணி வரப் பதினைந்து வருடம் ஆயிற்று. அந்தத் தரையின் மேல் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதைத் தவிர அவள் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை.

பன்னிரண்டரைக்கு வழக்கமான ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜீனான் பிரிஸ்டுபா, ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் இந்தத் தெருக்களில் நடந்தவர். அவருக்கு எதிரில் பாய்ட் ஷார்ட்ராண்ட், மாநகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

"கேட்டியா பாய்ட்? ஆட்டக்காரனுங்க அங்க மட்டும் அனுப்பக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குற ஊருங்கள்ல இந்த வருஷமும் நாமதான் முதல்ல" என்றார் ஜீனான்.

"ஏதோ ஒண்ணுல முதல்ல வரோம்ல. சந்தோஷப்படுய்யா."

"வந்தவனும் இருக்கிறதில்லையே. ஜனவரியில குளிரு தாங்காம அழுவுறான். ஜூன்ல கொசுக்கடி தாங்காம அழுவுறான்."

"நடுவுல?"

"நடுவுல உன் வண்டியைப் பார்த்து அழுவுறான். எங்க தெருவுல நீ பனி தள்ளி நாலு நாளாச்சு."

"உங்க தெருவுல எது பள்ளம், எது ரோடுன்னே தெரியலையே. எங்கேன்னு தள்ளுறது?"

பக்கத்து மேசைகளிலும் சிரிப்பு. அப்போது கதவு திறந்து, குளிரோடு சேர்ந்து ஓர் ஆள் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கோட்டு, தலையில் தொப்பி இல்லை. இரண்டு காதும் சிவந்திருந்தன. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

"மார்லீனா? நான் ஏட்ரியன் கோல்போர்ன். ஃபோன்ல பேசினோமே."

மார்லீன் அவரை அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, கோழியை எண்ணெயில் போடப் போனாள். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீனான் ஊரைப் பற்றி இன்னொரு நக்கல் அடித்ததும் அவரும் சிரித்தார். பிறகு தாமும் ஒன்று சொன்னார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பேச்சில் சேர்ந்துகொள்ளத்தான்.

"ஏர்போர்ட்ல வாடகைக் கார் எடுத்தேங்க. காரோட மூக்குல ஒயர் தொங்குது. ராத்திரியில இதை கரண்ட்ல சொருகி வெக்கணும், இல்லன்னா இன்ஜின் உறைஞ்சிடும்னாங்க. ஊரே ஒரு ஃப்ரிட்ஜ். அதுக்குள்ள நிக்கிற காருக்குத் தனியா கரண்ட் வேறயா?"

யாரும் சிரிக்கவில்லை. ஜீனான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"டொராண்டோ."

"அதான்."

"நீங்களும்தானே இவ்வளவு நேரம்..."

"நாங்க சொல்லுவோம். நாங்க இங்கயே கிடக்கோம்" என்றார் ஜீனான்.

பாய்ட் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "டொராண்டோ சாரே, உங்க டீம் கோப்பையை ஜெயிச்சு எவ்வளவு நாளாச்சு? எங்கப்பாவுக்கு அப்ப மீசை முளைக்கல."

"உங்க டீம் எப்ப ஜெயிச்சுது?"

"ஜெயிக்கல. ஜெயிச்சோம்னு நாங்க எங்கயாவது சொன்னோமா? வருஷா வருஷம் இந்தத் தடவை நாங்கதான்னு கிளம்புறது நீங்கதானே."

இப்போது எட்டு மேசையும் சிரித்தது. ஏட்ரியனும் சிரித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினார். "சரி, அதை விடுங்க. நான் சாப்பாட்டு ஆளு. வெளியூர் ரசிகர்கள் கிட்ட விசாரிச்சா ஒண்ணைத்தான் சொல்றாங்க. வின்னிபெக்ல மேட்ச் பார்க்கலாம், சாப்பிட என்ன இருக்குன்னு கேக்குறாங்க."

"என்ன இருக்கா?" ஜீனான் எழுந்தே விட்டார். "வெள்ளிக்கிழமை எங்க சர்ச்சோட கீழ் அறைக்கு வாங்க. இருபது பொம்பளைங்க மேசையைச் சுத்தி நின்னு பெரோகி மடிப்பாங்க. உள்ள உருளைக்கிழங்கு, மேல வெண்ணெயில வதக்குன வெங்காயம். ஒரு டஜன் தின்னுட்டு வந்து அப்புறம் கேளுங்க. ஏரியில பிடிச்சுப் புகையில வாட்டுற கோல்ட்-ஐ மீன் தின்னிருக்கீங்களா? முள்ளுகூட மணக்கும்."

"பர்கரை விட்டுட்டியே" என்றான் பாய்ட். "கறிக்குழம்பு ஊத்தின பர்கர் சார். சட்டை நாசமாகாம அதைத் தின்னு முடிச்சவன் இந்த ஊர்க்காரனே இல்ல. எதுக்குப் பேச்சு? மார்லீன், சாருக்கு சிக்கன் ஃபிங்கர் குடு, எனக்கும் ஒரு தட்டு. தேன் சாஸ் நிறைய வை."

மார்லீன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"தேன் சாஸ் முடிஞ்சுபோச்சு பாய்ட்."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுபோச்சா?"

"பூண்டு மயோனைஸ் இருக்கு. வேணும்னா..."

"வின்னிபெக் ஏரி வத்திப்போச்சுன்னு சொல்லு, நம்புறேன். உங்கிட்ட தேன் சாஸ் எப்படி முடியும்? மூணே சாமான், முப்பது செகண்டு."

ஏட்ரியன் நிமிர்ந்து பார்த்தார். "மஞ்சளா, இனிப்பா இருக்குமே, அதைத்தானே சொல்றீங்க? மார்லீன், உண்மையைச் சொல்றேன், முந்தின ரெண்டு படிவத்தையும் அதைப் பார்த்துத்தான் எங்க ஆளுங்க ஓரமா வெச்சுட்டாங்க. பிள்ளைங்க பிறந்தநாள் விருந்துக்கு வெக்கிற சாஸ் மாதிரி இருக்குன்னாங்க. இந்தத் தடவை நீங்களே எடுத்துட்டீங்க. அதனாலதான் நான் ஃப்ளைட் ஏறி வந்தேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மார்லீனுக்கு முகம் எரிந்தது. பாய்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் தன்னைத் தெரியாதது போல இருந்துவிட்ட உறவுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஜீனான் நாள் முழுக்க ஊரைத் திட்டுகிறார். ஆனால் ஒளிப்பதில்லை. தான் ஒருநாளும் ஊரைத் திட்டியதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. யாரும் குறை சொல்வதற்கு முன்னாலேயே ஊரைக் கவுண்டருக்கு அடியில் தள்ளியது அவள்தான்.

குனிந்து, பெட்டிகளை விலக்கி, டப்பாவை எடுத்து மேலே வைத்தாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்று பாய்டுக்கு, ஒன்று ஏட்ரியனுக்கு.

ஏட்ரியன் ஒரு துண்டைத் தொட்டுச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு. பிறகு பூண்டு மயோனைஸில் ஒன்று. நிதானமாக, தொழில் தெரிந்த ஆளாகத்தான் சாப்பிட்டார்.

"கோழி பிரமாதம். நான் ருசி பார்த்த பன்னிரண்டு கடையில இதுதான் முதல்ல" என்றார். "இந்த சாஸும் மோசமில்ல. ஆனா இதை நான் அங்க கொண்டுபோய் நிறுத்த முடியாது. பூண்டு மயோனைஸோட கடை உங்களுக்குத்தான். காகிதம் பையிலயே இருக்கு, இப்பவே கையெழுத்துப் போடலாம்."

காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார், பேனாவையும். மார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைக்கு யாருங்க வருவாங்க?"

"பெரும்பாலும் உங்க ஊர்க்காரங்கதான்."

"வந்து, தேன் சாஸ் எங்கன்னு கேப்பாங்க. இப்ப பாய்ட் கேட்டான்ல, அந்த மாதிரி. நான் இல்லைன்னு சொல்லணும். ஒரு மேட்ச் இல்ல, இந்த ஊர்ல மட்டும் வருஷத்துக்கு நாற்பத்தோரு மேட்ச்."

"ரெண்டு மேட்ச்ல பழகிடும் மார்லீன்."

"அதுதான் எனக்கு பயமா இருக்கு."

பேனாவை எடுத்தாள். உணவுப் பட்டியலில் பூண்டு மயோனைஸை அடித்தாள். அதற்கு மேல், கொட்டை எழுத்தில், தேன் சாஸ் என்று எழுதினாள். காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்படின்னா எடுத்துக்குங்க. இல்லன்னா வேண்டாம்."

ஏட்ரியன் அதைப் படித்தார். "இப்படின்னா என்னால சிபாரிசு பண்ண முடியாது. இந்த வருஷம் கிடைக்காது. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரியும்."

அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார். கதவைத் தொடும்போது பாய்ட், "நில்லுங்க சாரே" என்று கூப்பிட்டு, சுவரோரம் இருந்த தொலைந்த சாமான் பெட்டியைக் கிளறி, ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து எறிந்தான். நடுவில் ஊர் அணியின் சின்னம். "காதை மூடிக்குங்க. இல்லன்னா வீட்டுக்குப் போறப்ப காது இருக்காது."

ஏட்ரியன் சின்னத்தைப் பார்த்தார். வெளியே பார்த்தார். போட்டுக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் ஜீனான் திரும்பினார்.

"உனக்கென்ன பைத்தியமா மார்லீன்? ஒரு சாஸுக்காகவா! கடையை வாங்கிப் போட்டிருக்க வேண்டாமா?"

"இப்ப நீங்கதானே எழுந்து நின்னு சண்டை போட்டீங்க?"

"நான் சண்டை போடுவேன். அது என் பொழுதுபோக்கு. அதை நீ எதுக்குக் காதுல வாங்குற?"

பாய்ட் தட்டைத் தள்ளி வைத்தான். "நான் கேக்காம இருந்திருக்கலாம்" என்றான் மெதுவாக.

"நீ கேக்காம வேற யாரு கேப்பா?" என்றாள் மார்லீன். இரண்டாம் மாடி, கிழக்குப் படிக்கட்டு, அந்தத் தரை, எல்லாம் அவள் கண் முன்னால் இருந்தது. அதை விட்டுக்கொடுத்தது சரிதானா என்று இரவெல்லாம் யோசிக்கப்போகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. டிவியில் ஆட்டக்காரர்கள் பனித்தளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைகளிலிருந்து கைகள் உயர்ந்து, தட்டு கேட்டு அவளைக் கூப்பிட்டன.

"அடுத்த வருஷமும் எழுதுவேன்" என்றாள், கோழியை எண்ணெயில் போட்டுக்கொண்டே. "முதல் வரியிலயே தேன் சாஸ்தான்."

"மறுபடியும் ஓரமாத்தான் வெப்பானுங்க" என்றார் ஜீனான்.

"வெக்கட்டும். அவங்க ஓரத்துல இடம் தீர்ற வரைக்கும் எழுதுவேன்."