பச்சைச் சுடிதாரின் பக்கத் தையல்

குடம்புளிச் சாறு அடைத்த அந்த இளைக்கிற மாத்திரை டப்பா பலன் தர ஆரம்பித்ததிலிருந்து மஹ்விஷ் தரையில் நடப்பதில்லை. சாயங்கால மஞ்சள் வெளிச்சத்தில், பாண்டி பஜார் நடைபாதையில், பச்சைச் சுடிதாரோடு அவள் மிதந்து வருவதைத் தன் தையல் கடை வாசலில் நின்று பார்ப்பதே காஷிஃபுக்கு வேலையாகிவிட்டது. பார்க்கப் பார்க்க மனசு குளிரும். கூடவே கொஞ்சம் குத்தும்.

குத்தாமல் என்ன செய்யும்? தையலைப் பிரித்தவன் அவன்தானே.

மூன்று மாதம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவளிடம், "எத்தனாவது மாசம்?" என்று கேட்டுத் தொலைத்தார்கள். அழுதுகொண்டே டப்பாவை வாங்கினாள். இரண்டு வாரம் விழுங்கியும் சுடிதார் இறுக்கிப் பிடித்தது. ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். பெண்டாட்டியின் அந்தப் பட்டினி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. அவள் மார்க்கெட் போன நேரத்தில் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியில் கால் இஞ்ச் வெளியே விட்டுத் தைத்தான்.

மறுநாள், "ஏங்க, லூஸா கீதுங்க!" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் இன்னும் இரண்டு தடவை பிரித்தான். அவளுடைய மற்ற துணிகளும் தப்பவில்லை.

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஆதம்பாக்கத்திலிருந்து அவள் தங்கை இஃப்ரா ஃபோன் செய்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"ஆபா, அந்த மாத்திரை நிஜமாவே குறைக்குதா? நானும் போட்டுக்கறேன்."

"நானே சாட்சிடி. சாயங்காலம் எடுத்துக்கினு வரேன்."

காஷிஃப் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். பால் கொடுக்கிற பெண். சும்மா இருந்தால் பாவம். சொன்னாலோ, மஹ்விஷின் மிதப்பு போய்விடும். அவன்மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

எழுந்து போய்க் கொடியில் கிடந்த சுடிதாரை எடுத்தான். உள்பக்கம் வெளியே திருப்பி, ஜன்னல் வெயிலில் பிடித்தான். மூன்று வரிசையில் ஊசி ஓட்டைகள் மினுங்கின.

"இன்னாங்க இது?"

"பழைய தையல். மூணு தடவ நான்தான் பிரிச்சேன். மாத்திரை ஒண்ணும் பண்ணல மஹ்விஷ்."

அவள் ஓட்டைகளை விரலால் தடவினாள். வெளிச்சம் அவள் கையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கண் நிறைந்துவிட்டது. ஃபோனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

"இஃப்ரா, வேணாம்டி. எனக்கு ஒரு இஞ்ச்கூட குறையல."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "உள்ள இன்னும் துணி கீதா?"

"கால் இஞ்ச்."

அவன் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அவன் கையில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் தைப்பது கண் அளவில்தான். டேப் வைத்ததே இல்லை.

"இந்தத் தடவ என்னிய நிக்க வெச்சி அளங்க," என்று இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "எவ்ளோன்னு சத்தமா சொல்லணும்."

அளந்தான். சொன்னான். குரல் நடுங்கியது அவனுக்குத்தான்.