பதிவுக்கு முந்திய பதின்மூன்று வருடம்

மேனேஜர் ஓய்வுக் கணக்கு முடிக்கிற காகிதத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் தட்டினார். "எல்லாம் சரியா இருக்கும்மா. போட்டுட்டுக் கிளம்புங்க."

பைண்டரம்மா அவசரப்படவில்லை. அந்த அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் புத்தகம் தைத்தவள். தலைகீழாக வந்த பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் உருவி எறிகிற கண் அவளுக்கு. நான்காவது வரியில் அந்தக் கண் நின்றது. வேலையில் சேர்ந்த தேதி என்று, சமூகப் பாதுகாப்பு நிதியில் அவளைப் பதிவு செய்த தேதியைப் போட்டிருந்தார்கள். அது ஒன்பது வருடத்துக்கு முந்தியது.

"சார், மிச்சப் பதிமூணு வருஷம் எங்கே?"

"அதான் நிதியில சேர்த்தாச்சே. பணிக்கொடையையும் அந்த நிதியே தரும், இனி அது அவங்க பாடு. நாங்க தனியா எதுவும் தர வேண்டியதில்ல."

"சேர்த்ததுக்கு அப்புறம் அவங்க பாடு, சரி. சேர்க்காத காலத்துக்கு?"

மேனேஜரின் குரல் தணிந்தது. "உங்க நாத்தனார் இன்னும் இங்கதானே வேலை பார்க்கறாங்க? யோசிச்சுக்குங்க."

வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த சண்டை. நாத்தனாரோடு பேச்சு நின்று நாலு வருடம். எதிரெதிரே உட்கார்ந்து தைப்பார்கள், கத்தரிக்கோல் வேண்டுமென்றாலும் மூன்றாம் ஆளிடம்தான் கேட்பார்கள். அதற்காக அவள் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? பேனாவை எடுத்தாள். மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

இரண்டு நாள் உறங்காமல் புரண்டபின் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். பத்தாம் நாள் விசாரணை. மேனேஜரும் வந்திருந்தார்.

"பதிவுக்கு முந்தின வருஷங்களுக்கு முதலாளிதான் தரணும்," என்றார் அதிகாரி. "ஆனா பழைய வருகைப் பதிவேடு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. சாட்சி யாராவது உண்டா?"

அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆளைக் கேட்க வாயும் வரவில்லை. "இல்ல சார்," என்றாள்.

"இருக்கேன்," என்றது வாசலில் ஒரு குரல். நாத்தனார். விரல்களில் பசை காய்ந்திருந்தது. அச்சகத்தில் எந்தச் சங்கதி கசியாமல் இருந்திருக்கிறது?

"ஷிப்ட் நேரத்துல இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம் சார். எனக்கும் அதே பதிமூணு வருஷம் இருக்கு. என் பேரையும் எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார்.

மறுமாதம் பைண்டரம்மாவுக்குப் பதின்மூன்று வருடத்துப் பணமும் வந்தது. ஆனால் நாத்தனாரைக் காகிதக் கட்டு சுமக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கும் இருவருமாகப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். பழைய இடம் திரும்பக் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று.

அந்த மூன்று வாரமும் சாயங்காலம் பைண்டரம்மா அச்சக வாசலில் போய் நின்றாள். முதல் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்ட் வரை பேசாமல் நடந்தார்கள். மூன்றாம் நாள், "இடுப்பு விட்டுப்போச்சு அண்ணி," என்றாள் நாத்தனார். பைண்டரம்மா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.