ஈரம் காத்திருக்காது

"கமலா, எழுந்திரு. சுப்புராயன் வூட்டுலேர்ந்து ஆளு வந்திருக்குது."

"இன்னாத்துக்காம்?"

"வேற இன்னாத்துக்கு? மொத வெதைக்கு உன் கை வோணுமாம்."

"ஊருல வேற பொம்பளைங்களே இல்லியா? அப்பிடி என் கையில இன்னாதான் இருக்குதாம்?"

"மழ இருக்குதுன்றாங்க. எனக்கு என்னமோ புளிக்கொழம்பு வாசனதான் வருது."

கணவன் நாராயணசாமி அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னதும், அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதும், இருவரும் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த பூமாலை விழித்து அழுததும், நேற்று நடந்ததைப் போல இருந்தது கமலாவுக்கு. அதுவும் இதே போன்ற ஒரு ஆடி மாதத்து விடியல்தான். இரவெல்லாம் பெய்த மழையில் செம்மண் குளிர்ந்து கிடந்தது. கல்வராயன் மலை, தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்தாமல் நிற்கும் பெண்ணைப் போல நீர்ப்புகையோடு நின்றது.

இன்றைக்கும் மழை அப்படித்தான் பெய்து ஓய்ந்திருந்தது. மலை அப்படியேதான் நின்றது. கூப்பிடத்தான் ஆள் வரவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், அணைத் தண்ணீர் எட்டாத மேட்டுநிலத்து ஊர் அது. வாய்க்கால் பாயும் கரும்புக்காரர்கள் வானத்தை எப்போதாவதுதான் அண்ணாந்து பார்ப்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கோ வானம் பார்ப்பதே பிழைப்பு. ஆடியில் ஒரு நல்ல மழை விழுந்தால் மறுநாளே ஏர் பூட்டி மல்லாட்டை போட்டுவிடுவார்கள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். ஏர் முன்னால் சால் கீறிக்கொண்டு போக, பெண்கள் பின்னாலேயே நடந்து பருப்பை ஒவ்வொன்றாகச் சாலில் போட்டு வருவார்கள். ஆனால் முதல் பிடி மட்டும் கண்டவர்கள் போடக்கூடாது. பூவும் பொட்டுமாக இருக்கிற ஒருத்தி, கிழக்கே பார்த்து விளக்கேற்றி, மண்ணைக் கும்பிட்டுப் போட வேண்டும். பல வருஷங்கள் அந்த ஊரின் முதல் பிடி கமலாவின் கையிலிருந்துதான் விழுந்தது. "ராசியான கை" என்று வீடு தேடி வந்து அழைத்துப் போவார்கள்.

நாராயணசாமி மோட்டார் சைக்கிளில் சங்கராபுரம் போனவன் விபத்தில் சிக்கி வீடு திரும்பாமல் போனதிலிருந்து, அதே கை வேறு கையாகிவிட்டது. யாரும் அவள் முகத்துக்கு நேரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. முகத்தை முறிக்கவும் இல்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மகள் பூமாலை சேலத்தில் நர்சிங் படிக்கப் போன பிறகு, வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லாமலே நாட்கள் கழிந்தன. சில நாள் கமலா தன் குரலைத் தானே கேட்பதற்காகக் கோழிகளைத் திட்டுவாள்.

தெருவில் கொலுசுச் சத்தம் கேட்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கமலா நிமிர்ந்தாள். சுப்புராயன் மனைவி ராணியம்மாள், கையில் தாம்பாளமும் அதில் விளக்குமாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் விதைக் கூடைகளோடு நாலைந்து பெண்கள். கமலாவைக் கண்டதும் ராணியம்மாளின் நடை ஒரு நொடி தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை அவளுக்கு வைக்க வேண்டாம் என்று கமலாவே துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொலுசுச் சத்தம் தேய்ந்த பிறகு, ஏதோ திருடிவிட்டவளைப் போல எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் முறத்தில் அவளுடைய விதைப்பருப்பு காத்திருந்தது. இரண்டு வாரமாக உட்கார்ந்து, ஓடு உடைத்து, தோல் கிழியாத பருப்பாகப் பொறுக்கி வைத்தது. ஓட்டை உடைத்துவிட்டால் அது ரொம்ப நாள் தாங்காது. மழை விழுந்ததும் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

"அண்ணி!" என்று குரல் கொடுத்துக்கொண்டே கொளஞ்சியப்பன் வந்தான். நாராயணசாமியின் தம்பி. அண்ணன் போன பிறகு அண்ணியின் மேட்டுநிலக் கொல்லையையும் தன் கொல்லையாகப் பார்த்து உழுது கொடுப்பவன். நல்ல மனசுக்காரன் என்று ஊரே சொல்லும். இப்போதெல்லாம் கமலாவின் கொல்லைக்கு முதல் பிடி போடுவது அவன் மனைவி செவ்வந்திதான்.

"மாடு ரெடியா தம்பி?" என்றாள் ஆவலோடு.

"மாடு ரெடிதான். சுப்புராயண்ணன் ஏரு பத்தலன்னு கூப்ட்டாரு, அங்க போய்க்கினு இருக்கேன்." அவன் தலையைச் சொறிந்தான். "நம்மளுது நாளன்னிக்கு வெச்சுக்கலாம் அண்ணி. செவ்வந்தி அவங்க அண்ணன் புள்ளைக்குக் காதுகுத்துன்னு திருநாவலூர் போயிட்டா இல்ல? நாளைக்கு சாயந்தரம்தான் வரா."

"நாளன்னிக்கா?" கமலாவின் பார்வை வாசல் பக்கம் போனது. முருங்கை மரம் மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஒரு நாள் மழையின் ஈரம் எம்மாத்திரம்? "காத்து ஜாஸ்தியா கீதே தம்பி. போன வருஷமும் இப்பிடித்தான..."

"இன்னா பண்றது அண்ணி? மொத வெதைக்கு ஒரு..." என்று ஆரம்பித்தவன், மிச்சத்தை விழுங்கிவிட்டான். அவன் கண்கள் தரைக்குப் போயின.

'நான் போடுறேனே' என்ற வார்த்தை கமலாவின் தொண்டை வரைக்கும் வந்தது. நாலு ஆடியாக அது அங்கேயே வந்து வந்து நின்றுகொண்டிருந்தது. "சரி தம்பி," என்று மட்டும்தான் வாய் சொன்னது.

போன ஆடியிலும் இப்படித்தான் செவ்வந்திக்காகக் காத்திருந்தார்கள். காற்று மேல்மண்ணைக் காயப்போட்ட பிறகு போட்ட விதையில் பாதி முளைக்கவில்லை. முளைத்தது பூ எடுத்த சமயத்தில் புரட்டாசி வெயில் மண்ணை ஓடாக இறுக்கிவிட்டது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்க வேண்டிய விழுதுகள் மண்ணைத் துளைக்க முடியாமல் மேலேயே கருகின. தப்பித் தவறி இறங்கி விளைந்த காயைப் பிடுங்கப்போன வாரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுப் போயிற்று. வேண்டும்போது வராமலும், வேண்டாதபோது வந்தும் மழை செய்த வேலைதான் அது. ஆனால் குளத்தங்கரையில் ஒருத்தி சொன்னது கமலாவின் காதில் விழுந்தது: "புருசனையே தின்னவ கொல்லையில மல்லாட்ட மட்டும் வெளஞ்சுடுமா?"

அன்றைக்குக் கமலா துணியைப் பாதி அலசியும் அலசாமலும் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் விதையை அவள் தொடக்கூட இல்லை. தொடாததற்கே இந்தப் பேச்சு. தொட்டுவிட்டு மழை பொய்த்தால்? அந்தப் பயம்தான் அவள் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கொல்லைக்கு நடந்தாள். உழுது போட்டிருந்த செம்மண்ணில் ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். கொழுக்கட்டை மாவைப் போல உருண்டை நின்றது. நல்ல பதம். ஆனால் மேல்மண் நிறம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் போட்டால் உண்டு.

"இன்னா யம்மா, மண்ணைத் துன்றதுக்கு உருண்ட புடிக்கிறியா?"

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த காசியம்மாள்தான் கேட்டாள். கூலி வேலை செய்பவள். சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். வாய்த்துடுக்கு அதிகம்.

"பதம் பாக்குறேன்."

"பதம் பாத்தா போதுமா? ஏரு எங்க?"

"செவ்வந்தி ஊருல இல்ல. நாளன்னிக்குத்தான்."

காசியம்மாள் அரிவாளை மண்ணில் குத்தினாள். "ஓகோ. செவ்வந்தி பஸ்ஸு புடிச்சு வர வரைக்கும் காத்து நம்ம பனமரத்துல குந்திகினு இருக்குமா?"

கமலா கையிலிருந்த மண்ணுருண்டையை உதிர்த்தாள்.

"யம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக்கூடாது. நீ மவராசியா வெளக்கேத்துன காலத்துல என்ன எங்க நிக்க வெப்பீங்க?"

கமலாவுக்குச் சுருக்கென்றது. கொல்லையின் மூலையில் நின்ற பனைமரத்தைப் பார்த்தாள்.

"ஆங், அங்கதான். அந்தப் பனமரத்துக்குப் பின்னால. நீ மொத பிடி போட்டு முடிக்கிற வரைக்கும் தலைய நீட்டக்கூடாது. முடிஞ்சப்புறம் கூடைய எடுத்துகினு ஓடியாருவேன். மொத பிடிதான் உன்னுது. மிச்ச கொல்ல பூரா யாரு போட்டது? இந்தக் கைதான போட்டுச்சு! தாலி இல்லாத கைன்னு ஒரு பருப்பாவது மொளைக்காம போச்சா? அந்த வருஷமெல்லாம் வண்டி வண்டியா வெளஞ்சுதே, உன் ஒரு பிடியிலியா வெளஞ்சுது?" காசியம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஒரு தடவயாவது நீ என்ன 'வா காசியம்மா, கிட்ட நில்லு'ன்னு கூப்புடுவேன்னு பாத்தேன் யம்மா. நீயும் நல்லவதான். ஆனா கூப்புடல."

கமலா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதவளுக்கு, தான் கூப்பிடாமல் விட்ட ஒருத்தி பனைமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவளும் இப்படித்தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்?

"என் புத்திக்கு அப்ப ஒறைக்கல காசியம்மா," என்றாள். குரல் உடைந்தது.

"அழுவாத. இருக்கற ஈரமே போதும்," என்றாள் காசியம்மாள்.

அழுகைக்கு நடுவில் கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கூட வா," என்றாள்.

சுப்புராயன் கொல்லையில் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். இந்த நேரத்தில் எதிரே போய் நின்று ராணியம்மாளின் மனசைக் கலக்க கமலாவுக்கு விருப்பமில்லை. ஒரு வேப்பமரத்தோரம் நின்றாள். பக்கத்தில் காசியம்மாள். ராணியம்மாள் கும்பிட்டு, முதல் பிடியைப் போட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். தள்ளி நிற்கிறவர்களுக்கு ஒரு சால் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பதைக் கமலா அன்றுதான் கண்டாள்.

ஏர் ஒரு சுற்று வந்து நின்றதும் அவள் கொல்லைக்குள் இறங்கினாள். ராணியம்மாள் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இங்க எங்க..." என்றான் கொளஞ்சியப்பன், மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி.

"தம்பி, நம்ம கொல்லையில ஈரம் வெளுத்துகினு போவுது."

"அதான் சொன்னேனே அண்ணி. செவ்வந்தி வந்துரட்டும். நாலு பேரு நாலு பேசுவாங்க."

"போன வருசம் செவ்வந்தி கையாலதான போட்டோம்? பேசலியா? மழ பொய்ச்சதுக்கு என்னத்தான பேசுனாங்க?"

ராணியம்மாள் மெதுவாக, "கமலா, சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதும்மா..." என்று ஆரம்பித்தாள்.

கமலா அவள் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. நெடுநாள் பேசாமல் இருந்த தோழியிடம் பேசுகிற குரல்தான் அது.

"ராணிக்கா, நேத்து ராத்திரி பெஞ்ச மழ யாரு கழுத்துல தாலி இருக்குது, யாரு கழுத்துல இல்லன்னு பாத்துகினா பெஞ்சுது? உங்க கொல்லையிலயும் பெஞ்சுது, என் கொல்லையிலயும் பெஞ்சுது. வெதைக்கு ஈரந்தான் வோணும். போடுறவளுக்குப் பூவும் பொட்டும் இருக்குதான்னு அது கேக்காது. மழ வந்தா ஒருத்தி ராசி, மழ போனா இன்னொருத்தி பாவம்னு நாமதான் சொல்லிகினு திரியிறோம். புருசன் செத்துப்போனது ஒரு பொம்பள செஞ்ச குத்தம் இல்லக்கா. அவள ஒதுக்கி வெக்கிறதுதான் குத்தம். அந்தக் குத்தத்த நானும் செஞ்சவதான். இந்தக் காசியம்மாவ நான் ஒதுக்கி வெச்சேன். அதனாலதான் சொல்றேன்."

காற்று தாம்பாளத்து விளக்கை அலைக்கழித்தது. ராணியம்மாள் அதை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு கமலாவின் கையையே பார்த்தாள். எத்தனை ஆடியில் அந்தக் கையைப் பிடித்து வரப்பில் இழுத்து வந்திருப்பாள்! அவள் கண்கள் கலங்கின. எரிகிற விளக்கோடு தாம்பாளத்தைக் கமலாவிடம் நீட்டினாள்.

கொளஞ்சியப்பன் தலை குனிந்திருந்தான். "ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி," என்றான் தழுதழுத்து. "இத்தினி வருசமா மனசுலயே வெச்சிகினு... நான் மாக்கான் மாதிரி இருந்துட்டேனே. இன்னா செய்யணும், இப்ப சொல்லுங்க."

கமலா ஒரு கையில் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். மறு கையை நீட்டி, பின்னால் தயங்கி நின்ற காசியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். நாலு ஆடியாகத் தொண்டையில் நின்ற வார்த்தை அப்போது தடையில்லாமல் வந்தது.

"ஏரை நம்ம கொல்லைக்குத் திருப்பு தம்பி. மொத வெதைய நானும் காசியம்மாவும் போடுறோம்."