ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அக்காவின் வாடகை அறையில் மூன்றாவது இழுப்பறையை உருவிக் கட்டிலின்மேல் கவிழ்த்தாள் சின்னவள். கொண்டை ஊசிகள், தீர்ந்துபோன உதட்டுச் சாயம், அக்கா வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் குட்டித் திருகாணிகள். மாத்திரை மட்டும் இல்லை.

கைபேசி அடித்தது. அம்மா.

"கெடச்சுதாடி?"

"தேடிட்டிருக்கேன்மா."

"டாக்டர் திரும்பக் கேட்டாரு. பெரியவளுக்கு மேல்மூச்சு வாங்குது. சீக்கிரம் வா."

பெரியவள் என்று சொல்ல அம்மாவுக்கு நான்கு வருடம் பிடித்தது. பிறந்தபோது மகன் என்றார்கள். இருபத்தாறு வயதில், தான் மகள்தான் என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை போட ஆரம்பித்தாள். அம்மா பேச்சை நிறுத்தினாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு ஒருநாள் சாப்பிடக் கூப்பிடும்போது "பெரியவளே" என்றாள். எச்ஐவி இருப்பது மட்டும் நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருவருக்கும் தெரியும். அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மூச்சுத் திணறலுக்கு நடுவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

பாட்டில்கள் ஒளித்தே வைக்கப்படவில்லை. ஜன்னல் விளிம்பில் இரண்டும் அருகருகே நின்றன. அடியில் இரண்டு சீட்டுகள். எச்ஐவி மருந்தின் சீட்டில் பழைய பெயர், ஹார்மோன் சீட்டில் புதுப் பெயர். பார்க்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

மேலே நாட்காட்டி. தேதிக்கு ஒரு புள்ளி. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். லென்ஸின் நடுவைக் குறிக்கும் பேனாவால், கட்டத்தின் மையம் பிசகாமல். பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். அதே ஆணியில் போன வருடத்து நாட்காட்டியும் தொங்கியது. பதினான்கு மாதம்.

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அதற்கென்றே படித்தவள். பதினான்கு மாதத்துக்கு முன்பு அக்கா கைபேசியில் கூப்பிட்ட அன்று, கடை முன்னால் ஆறு பேர் நின்றார்கள். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"மாத்திரை விக்கிற மகாராணியே, ஒரு சந்தேகம். என் சிநேகிதி ஒருத்தி ஹார்மோன் மாத்திரையோட வேற ஒண்ணும் தினமும் போடுறா. அது இத முழுங்கிடுமா?"

"என்ன மாத்திரை?"

"பேரு தெரியல. ஏதோ கிருமிக்காம்."

"சிலது ஹார்மோனோட வேலையக் கெடுத்துடும். டாக்டரக் கேக்குற வரைக்கும் ஒரு நாள் இது, ஒரு நாள் அதுன்னு போடச் சொல்லு."

"அவளுக்குத் தாடி கீடி திரும்ப மொளச்சிடாதே?"

"மொளச்சா எனக்கும் ரெண்டு முடி அனுப்பச் சொல்லு. வைக்கா, கூட்டம் நிக்குது."

சீட்டைப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது. கடையில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். சின்னவள் கழற்றிக் கொண்டுவந்திருந்த நாட்காட்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய எச்ஐவி மாத்திரை சிலது ஹார்மோனைக் குறைக்கும். இது அந்த ரகம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாவே போட்டிருக்கலாம்."

"ஒரு நாள் விட்டுப் போட்டா?" என்றாள் அம்மா.

"மாசக்கணக்கா அப்படிப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்மா. அப்புறம் மருந்து கேக்காது. யாரு இப்படிப் போடச் சொன்னது?"

அம்மா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பாட்டிலைப் பார்த்தாள். அதற்குள் உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட, டாக்டர் ஓடினார்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது.

காகிதங்கள் தயாராகும்வரை பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். அம்மா அழுது முடித்திருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"எவனோ ஒரு பாவி வாய்க்கு வந்தத சொல்லியிருக்கான். இவளும் அத நம்பிப் பொட்டு வச்சிட்டு உக்காந்திருக்கா."

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"பக்கத்துல நீ இருந்தியே. ஒரு வார்த்த உங்கிட்ட கேட்டிருந்தா பொழச்சிருப்பாளேடி."

"அம்மா..."

"உன்னச் சொல்லல. நீ என்ன பண்ணுவ."

ஒரு தள்ளுவண்டி காலியாகக் கடந்து போனது. அம்மா பைக்குள் கையை விட்டுத் துழாவி, பட்டையிலிருந்து தன் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் பிதுக்கினாள். சின்னவளிடம் நீட்டினாள்.

"காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. வெறும் வயித்துல இத இப்போ போடலாமா?"

தினமும் இருபது பேருக்குச் சொல்கிற பதில். சின்னவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தாள். வேர்வை பட்டு மாத்திரையின் சிவப்பு உள்ளங்கை ரேகையில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.