மேட்டு நிலத்து மண்

பரந்தாமன் சொன்ன பொய் சின்னதுதான். "எனுக்குத் தெரியாதுக்கா, நான் பாடி ஃபேக்டரில டூட்டில இருந்தேன்." அவ்வளவே. அது இப்படி வளர்ந்து நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை.

பாரிவாக்கத்தில் அவனுக்கு அரை ஏக்கர் மேட்டு நிலம். அதற்குக் கீழே பள்ளத்தில் பூங்காவனத்தின் கீரைப் பாத்திகள். ஃபேக்டரி வேலைக்குப் போன பிறகு அவன் பயிர் வைப்பதை விட்டுவிட்டான். மேடு வெறுமனே கிடந்தால் மழை மண்ணை அறுத்துக்கொண்டு வந்து தன் பாத்தியை மூடிவிடும் என்று, வருஷா வருஷம் ஆவணியில் பூங்காவனமே தன் விதையைக் கொண்டுவந்து அவன் நிலத்தில் கொள்ளு தெளிப்பாள். ஐப்பசிக்குள் கொடி பின்னித் தரையே தெரியாது. எவ்வளவு பெரிய மழையும் இலைமேல் விழுந்து, மெல்லக் கசிந்துதான் கீழே இறங்கும்.

இந்த வருஷம் அந்த மேட்டை மனையாக வாங்க ஆள் வருவதாகத் தரகர் ராஜசேகரன் சொன்னார். கொடி மண்டிக் கிடந்தால் வருகிறவன் பாம்புக்குப் பயந்து காரை விட்டே இறங்க மாட்டான் என்று நம்ம புத்திசாலி பரந்தாமனுக்குத் தோன்றியது. பூங்காவனம் கரையான்சாவடிக்குக் கீரை விற்கப் போன காலையாகப் பார்த்து, டிராக்டர் விட்டு உழச் சொல்லிவிட்டான். சாயங்காலம் அவள் வந்து கேட்டபோதுதான் அந்தப் பொய். மூன்றாம் நாள் மழை கொட்டியது. மனை பார்க்க ஒருவரும் வரவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தான். மேடெங்கும் முழங்கை ஆழத்துக்கு அரித்திருந்தது. கீழே முளைக்கீரை மொத்தமும் சேற்றுக்குள். பூங்காவனம் அந்தச் சேற்றைக் கூடையில் வாரி, மேடேறி, அவன் நிலத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"உன் மண்ணுப்பா. எரு ஊறுன மேல்மண்ணு, போச்சுன்னா வராது." இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்து ராஜசேகரனை அவன் ஊட்டாண்டயே போய்க் கேட்டுட்டேன். நீ டூட்டிக்குப் போன நேரமாப் பாத்து, மனை காட்டுறதுக்காக உழுதுகீறானே. நான் இல்லன்னு சத்தியம் பண்றான். தெருவே நின்னு பாத்துச்சு."

அவள் மறுபடி கூடையைத் தூக்கக் குனிந்தபோது பரந்தாமனால் தாங்க முடியவில்லை.

"உழச் சொன்னது நான்தான்க்கா."

பூங்காவனம் நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவள் கூடையை வைத்துவிட்டு, பம்புசெட்டுத் தொட்டியில் கைகாலைக் கழுவி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்கக்கா போற?"

"ராஜசேகரன் ஊட்டுக்கு. பொண்டாட்டி புள்ளைங்க எதிர்ல அந்தாளைத் திருடன்னு சொல்லிட்டேன். அதே வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்கணும்ல."

நானும் வருகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் வரப்பைத் தாண்டி ரோடு ஏறும் வரை அங்கேயே நின்றான்.