பூமுடி போதாது

யுத்தகாலம். திருத்தணியில் கிருஷ்ணாயில் வாங்க வரிசையில் நின்றால்கூடப் பெண்களின் கண்ணெல்லாம் கோமளவல்லியின் பின்னல்மேல்தான். முழங்காலைத் தொடும் பின்னல். "அம்மாடி, எம்மாம் முடி!" என்பார்கள். பிறகு பின்னால் நிற்கும் தங்கை அம்முவைப் பார்த்து, "சின்னதுக்கு மட்டும் எலிவாலு" என்று சிரிப்பார்கள். அம்முவுக்குப் பதினான்கு வயது. பொறாமை என்றால் சாதாரணப் பொறாமையா? அக்கா தலைவாரும்போது சீப்பின் பல் உடைந்தால் அன்றைக்கு இவளுக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

அந்த வருஷம் கோமளாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் வைத்தியர் கையை விரித்துவிட்டார். தாய் குப்பம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள்.

"முருகா, என் பொண்ணு பொழச்சா பூமுடி குடுக்கறேன்."

பூமுடி என்றால் நுனியில் மூன்று விரற்கடை. கத்தரித்தது தெரியவே தெரியாது.

"உசுர கேக்கறப்போ நுனிமுடியா குடுப்பாங்க? முழுசா வேண்டிக்கோம்மா" என்றாள் அம்மு. சொல்லும்போதே பாயில் கிடந்த அக்காவின் பின்னலையே பார்த்தாள். பயத்தால் அல்ல, ஆசையால்.

காய்ச்சல் இறங்கியது. கிருத்திகையன்று மலைமேல் கோமளாவின் தலையில் நாவிதர் கத்தி ஓடியது. பின்னல் கீழே விழும்வரை அம்மு கண்ணிமைக்கவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு கோமளா திரும்பினாள். அட கடவுளே! மூக்கும் முழியும் முன்னைவிட எடுப்பாக இருந்தன. "மொட்டையிலயும் இன்னா லட்சணம்!" என்று பூக்காரி வேறு சொல்லித் தொலைத்தாள்.

கோமளா அதை நம்பவில்லை. மூன்று நாள் வாசல் பக்கமே வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மு, நெஜத்த சொல்லு. அசிங்கமா இருக்கறனா? முடிய விட்டா எங்கிட்ட வேற இன்னா கீது?"

அம்மு திடுக்கிட்டாள். தினமும் கண்ணாடி முன்னால் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அல்லவா அது? 'ஆங்' என்று ஒரு வார்த்தை போதும், அக்கா ஜென்மத்துக்கும் தலைநிமிர மாட்டாள். அதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்! ஆனால் வாய் வேறு எதையோ கொட்டியது.

"மொட்டையடிச்சும் நீதான் அழகு, பாவி! எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் முழுசா வேண்டிக்கச் சொன்னேன்!" ஓவென்று அழுதாள்.

கோமளா சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது அன்னிக்கே என் காதுல விழுந்துது. என் உசுருக்காக நீ அம்மாகிட்ட கெஞ்சிகினு இருக்கறேன்னு நெனச்சேன். தங்கச்சி இம்மாம் ஆசையா கீறாளே, எப்பிடியாச்சும் பொழச்சிக்கணும்னு அப்பதான் தோணிச்சி."

அம்முவின் அழுகை நின்றுவிட்டது. அக்காவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.