கிளின்ரனின் நாற்பது கோதுகள்

மனோர் பார்க்கில் துவக்கு லைசன்ஸ் வைத்திருந்த தமிழர்கள், எனக்குத் தெரிய, இரண்டே பேர். நானும் கிளின்ரனும். சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவன்கள் லண்டனில் காசு கொடுத்துத் துவக்கு வாங்கியிருக்கிறான்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாம் நக்கலடித்தார்கள். எசெக்ஸ் பக்கத்து விவசாயி ஒருவரின் வயலில் பயிரைத் தின்னும் முயல்களைச் சுட்டுக்கொண்டு வந்து கறியாக்கிக் கொடுத்தால், அதே ஆட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்கள்.

இப்போது நான் ஒருவன்தான். மார்ச் மாதம், வேலைக்குப் போகிற வழியில், ஸ்டேஷன் படியில் கிளின்ரன் விழுந்தான். ஸ்ட்ரோக். ஐம்பத்துநாலு வயது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அவர்கள் வீட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். வந்தவர்கள் கலைந்த பிறகு, அவன் மனைவி றோஸ்மலர் ஒரு பிஸ்கற் டின்னை என் மடியில் வைத்தாள். உள்ளே நாற்பது பித்தளைத் தோட்டாக் கோதுகள். சுட்டு முடிந்து வெறுமையானவை.

"துவக்கைப் பொலிசிட்டக் குடுத்திட்டன், செல்வம் அண்ணை. உடைச்சு அழிக்கச் சொல்லிக் கையெழுத்தும் வைச்சிட்டன். அது இருக்கிற வீட்டிலை எனக்கு நித்திரை கொள்ள ஏலாது. இதை அவையள் எடுக்கேல்லை. உங்களுக்கு உதவும்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அவர் உங்களிட்ட ஏதும் சொன்னவரோ? சுகமில்லை, கிகமில்லை எண்டு?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் சொல்லேல்லை."

பச்சைப் பொய். அவன் விழுவதற்குச் சில கிழமைகள் முன்பு, வயலில் இருந்து காரில் திரும்பி வரும்போது சொன்னான். "மச்சான், இடது கை ரெண்டு தரம் விறைச்சுப் போச்சு. ஒருக்கா வாயும் குழறினது. டொக்டரிட்டப் போகவோ?"

எங்கள் இருவருக்கும் அந்த மாதம்தான் லைசன்ஸ் புதுப்பிக்கிற முறை. டொக்டர் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதினால்தான் அது நடக்கும். "உனக்கென்ன விசரோ?" என்றேன். "இப்ப போய்ச் சொன்னியெண்டால் அதையும் எழுதிப்போடுவான். லைசன்ஸ் வரட்டும். பிறகு போ."

"ஓம், அதுவும் சரிதான்" என்றான்.

கடதாசி வைத்திருப்பவன் முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, மிச்சத்தை விழுங்கு. இதுதான் எங்கள் படிப்பு. ஊரில், ஆமி செக்பொயின்றில் அது என் உயிரைக் காப்பாற்றியது. அகதி விசாரணையிலும் காப்பாற்றியது. கிளின்ரனை அது கொன்றுவிட்டது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டின்னைக் கண்டதும் என் மனைவி கனகாம்பிகை, "செத்த ஆளின்ரை சாமானை உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை. என்னுடைய துவக்கும் அவனுடையதும் ஒரே வகை, ஒரே குழல் அளவு. ஒரு கோதை எடுத்து என் துவக்கில் போட்டு, பின்பக்கத்தைப் பூட்டுகிற போல்ட்டை மூடினேன். கைப்பிடி இறங்கி வந்து, கடைசிக் கால்வாசியில் நின்றது. இன்னொன்றைப் போட்டேன். அதே இடம். நாற்பதையும் போட்டுப் பார்த்தேன். நாற்பதும் அதே இடத்தில் நின்றன. உள்ளேயிருந்து யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தது மாதிரி இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக், பேய்க்கதை கேட்கிற ஆள் இல்லை. சுடும்போது கோது வீங்கி, அந்தத் துவக்கின் உள்வயிற்று அளவை அப்படியே எடுத்துக்கொள்ளும். மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பாவிக்க, அதை டை என்கிற உருக்கு அச்சுக்குள் விட்டு நெரிக்க வேண்டும். கிளின்ரன் கோதின் கழுத்தை மட்டும் நெரிக்கிற டை வைத்திருந்தான். உடம்பு வீங்கியபடியே இருக்கும், அவனுடைய துவக்குக்கு மட்டும் பொருந்தும். காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை. தினமும் வேலையால் வந்து ஒரு கோதைப் போட்டுப் பார்ப்பேன். தினமும் அவன் என் கையைப் பிடிப்பான்.

ஒரு சனிக்கிழமை எசெக்ஸில் இருக்கிற துவக்குக் கடைக்குப் போனேன். வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று கழுத்து டை, மற்றது முழு நீள டை. முழு நீளம் என்றால் கோது முழுவதையும் நெரித்து, தொழிற்சாலையில் இருந்து வந்த அளவுக்கே கொண்டு போய்விடும்.

"இந்தக் கோதுகளைச் சுட்ட துவக்கு எங்கே?" என்று கேட்டார்.

"அழித்துவிட்டார்கள்."

"அப்படியென்றால் கழுத்து டை உனக்கு எதற்கு? அந்தத் துவக்கின் அளவு இந்தக் கோதுகளில் மட்டும்தான் மிச்சம். முழு நீளத்தை வாங்கு, எல்லாம் உன் துவக்குக்குச் சரியாகிவிடும்."

வாங்கினேன். சரியாகிவிடும் என்ற சொல்லுக்காகவே வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் சின்ன அறையில் இருந்த கை மெஷினில் டையை இறுக்கிப் பூட்டி, முதல் கோதுக்கு எண்ணெய் தடவி, நெம்பை இழுத்தேன். பித்தளை லேசாக முனகியது. வெளியே எடுத்துத் துடைத்து, துவக்கில் போட்டு, போல்ட்டை மூடினேன்.

சுகமாக மூடியது. ஒரு தடையும் இல்லை.

 திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. இன்னும் முப்பத்தொன்பது தரம் நெம்பை இழுத்தால் கிளின்ரனின் துவக்கு இருந்த அடையாளமே இந்த உலகத்தில் இராது, என் பொய்யும் சுகமாக மூடிக்கொள்ளும். அதற்குத்தான் காசு கொடுத்து டை வாங்கியிருக்கிறேன். என்மீது எனக்கே அருவருப்பு வந்தது.

துவக்கைப் பூட்டி வைத்துவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த றோஸ்மலர் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவள் டின்னைப் பார்த்தாள். "ஏன் அண்ணை, உதவேல்லையோ?"

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கை விறைத்ததை, வாய் குழறியதை, நான் சொன்ன புத்தியை. நிறுத்தினால் தொடர மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். அழுவாள், அடிப்பாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அவர் விழுறதுக்கு எத்தினை நாளுக்கு முதல்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது நாள்" என்றாள், மெதுவாக. "அவர் எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் உடனை இழுத்துக்கொண்டு போயிருப்பன்."

நான் டின்னைப் படியில் வைத்தேன்.

"என்ரை நம்பர் உங்களிட்ட இருந்ததெல்லோ, அண்ணை?"

"ஓம்" என்றேன். "இருந்தது."